ரிசார்ட் வேண்டாம், ஊருக்குள்ள இருக்க வேணும்: கரீபியனில் மூண்டு கிழமை எங்க தங்கலாம்?

முல்லைக்கடல் | 2024 நவம்பர் 17

வணக்கம் உறவுகளே. டொரொண்டோவில் இருந்து எழுதுறன். எனக்கு 58, மனுசிக்கு 55. பிள்ளையள் ரெண்டு பேரும் வேலைக்குப் போட்டினம். வாற பெப்ரவரியில் மூண்டு கிழமை லீவு எடுக்கலாம்.

போன வருசம் டொமினிக்கன் ரிபப்ளிக்கில் எல்லாம் அடங்கின ரிசார்ட் ஒண்டுக்குப் போனனாங்கள். கையில ஒரு பட்டி கட்டிவிட்டவை. ஏழு நாளும் அந்தப் பட்டியோட சாப்பாடு, கடல், திரும்பச் சாப்பாடு. எயார்போட்டில ஏறின பஸ் நேரா ரிசார்ட் கேட்டுக்குள்ள போனது. அடுத்த தரம் அந்தக் கேட்டைத் தாண்டினது திரும்பி வரேக்கதான். அந்த நாட்டுச் சனம் காலமை என்ன சாப்பிடுது எண்டு கூட எனக்குத் தெரியாது. "நாடு எப்பிடி?" எண்டு ஆரும் கேட்டால் நீச்சல் குளத்தைப் பற்றித்தான் சொல்லலாம்.

இந்த முறை ஒரே ஊரில, சின்ன வீட்டில, அயல் சனத்தோட இருக்க ஆசை. நான் முல்லைத்தீவுக் கரையில பிறந்து வளந்தவன், மீன்பிடிக்கிற ஊர் எண்டால் இன்னும் நல்லம். இங்கிலிஷ் கதைக்கிற தீவு வேணும். போய் இருந்த ஆக்கள் சொல்லுங்கோ.


கூவாபாலா | 2024 நவம்பர் 17

அண்ணே, நான் ட்ரினிடாட்ல பாயின்ட் லிசாஸ் தொழிற்பேட்டையில ஆறு வருஷம் வேலை பார்த்தவன். அம்மோனியா பிளான்ட். வீடு பக்கத்துல கூவாவுல. சொந்த ஊர் திருச்சி. உங்களுக்கு என் பதில் டொபாகோ, அதுலயும் காஸ்டாரா.

ட்ரினிடாடும் டொபாகோவும் ஒரே நாடு, ஆனா சுபாவம் வேற. ட்ரினிடாட்ல எண்ணெய், கேஸ், தொழிற்சாலை, ட்ராஃபிக். மூணுல ஒருத்தர் இந்திய வம்சாவளி. டொபாகோ 300 சதுர கிலோமீட்டர், அறுபதாயிரம் பேர் சுமாருக்கு, பெரும்பாலும் ஆப்பிரிக்க வம்சாவளி. காஸ்டாரா வடக்குக் கரையில ஒரு குடா. மலை நேரா கடலுக்குள்ள இறங்கும், நடுவுல ஒரு ஊர். பெரிய ஹோட்டல் கிடையாது. ஊர்க்காரங்களே வீட்டு மாடியில ரெண்டு ரூம் கட்டி வாடகைக்கு விடுவாங்க. மீன்பிடி இன்னும் நடக்குது, வேடிக்கைக்கு இல்ல.

போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு மனசுல வச்சுக்கங்க: குட் மார்னிங். இதை நான் சும்மா சொல்லல. கடைக்குள்ள நுழைஞ்சா, ஷேர் டாக்ஸியில ஏறினா, பஸ் ஸ்டாப்ல நாலு பேர் நின்னா, முதல் வார்த்தை அதுதான். அது சொல்லாம "ஹவ் மச்?"னு ஆரம்பிச்சா மூஞ்சியத் திருப்பிப்பாங்க. நம்ம ஆளுங்க அவங்களத் திமிர் பிடிச்சவங்கன்னு நினைப்பாங்க, அவங்க நம்மள வளர்ப்பு சரியில்லாதவன்னு நினைப்பாங்க. இருட்டினதுக்கு அப்புறம் பார்த்தா "குட் நைட்". அங்க அது போயிட்டு வர்றேன்னு அர்த்தம் இல்ல, வணக்கம்னு அர்த்தம். முதல் வாரம் என் பக்கத்து வீட்டம்மா ராத்திரி ஏழு மணிக்குக் கேட்டுல நின்னு "குட் நைட்"னாங்க. நானும் "குட் நைட்"னு சொல்லிட்டு கதவைச் சாத்திட்டேன். பாவம், கையில எனக்காகக் கொண்டு வந்த பாத்திரத்தோட நின்னிருக்காங்க.

வண்டி விஷயம்: நம்பர் பிளேட் ஹெச்ல ஆரம்பிச்சா அது டாக்ஸி. பி-ன்னா சொந்தக் கார். பி பிளேட்டுல ஆள் ஏத்துற வண்டிகளும் ஓடும், ஊர்க்காரங்க ஏறுவாங்க, நீங்க ஏறாதீங்க. டொபாகோ மேக்ஸி டாக்ஸியில, அதாவது ஆள் ஏத்துற மினி பஸ்ல, நீலப் பட்டை போட்டிருக்கும். ராணுவ உடை மாதிரி திட்டுத் திட்டா இருக்குற காமோஃப்ளாஜ் துணி எதுவும் எடுத்துட்டுப் போகாதீங்க, தொப்பி கூட. அங்க சட்டப்படி குற்றம், ஏர்போர்ட்லயே பறிமுதல்.

ட்ரினிடாட்ல இருக்குற தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயின்ல ரெண்டு நாள் வச்சுக்கங்க. பிப்ரவரின்னா கார்னிவலுக்கு முன்னாடி, ஸ்டீல்பேன் (இரும்பு பீப்பாயில செஞ்ச மேளம்) யார்டுகள்ல தினம் ராத்திரி ஒத்திகை. வேலை முடிஞ்சு வந்த நர்ஸ், பள்ளிக்கூடப் பையன், வெல்டர்னு நூறு பேர் ஒரே பாட்டை, அதே நாலு இசை வரியை, நாப்பது தடவை அடிப்பாங்க. நின்னு கேக்கலாம், காசு கிடையாது. போட்டி மேடையில கேக்குறத விட எனக்கு அதுதான் பிடிக்கும். காலையில டபுள்ஸ். ரெண்டு மஞ்சள் பாரா, அதாவது பொரிச்ச மெல்லிசு ரொட்டி, மேல கொண்டைக்கடலை. காரம் கேப்பான், "ஸ்லைட்"னு சொல்லுங்க. வீரம் காட்ட வேண்டாம்.


வெட்டிவேர் | 2024 நவம்பர் 18

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். "ஊர்ச்சனத்தோடு இருக்க வேண்டும்" என்கிற ஆசையிலேயே எனக்கொரு சந்தேகம். ரிசார்ட்டில் கைப்பட்டி வாங்குகிறோம், இங்கே மனிதர்களை வாங்கப் பார்க்கிறோம். ஒருவர் வீட்டுத் திண்ணை நமக்கு அனுபவம், அவருக்கு அது வீடு. டொபாகோவில் மிகப் பெரிய முதலாளி கடல் இல்லை, டொபாகோ ஹவுஸ் ஆஃப் அசெம்பிளி என்ற அரசு நிர்வாகம். உண்மையான தீவு வாழ்க்கை வேண்டுமென்றால் டொபாகோவின் முக்கிய நகரமான ஸ்கார்பரோவில் ஏதாவது அலுவலகத்தில் எட்டு முதல் நாலு வரை ஃபைல் நகர்த்துவதைத்தான் பார்க்க வேண்டும். மீனவரும் தென்னை மரமும் மட்டும் ஏன் உண்மையாகிவிடுகிறது?


கூவாபாலா | 2024 நவம்பர் 18

வெட்டிவேர் சார், கேள்வி நியாயம்தான். ஆனா அண்ணன் மீன்பிடி ஊர்ல பிறந்தவர், அவர் மீனவரைப் பார்க்க ஆசைப்படுறதும் நீங்களோ நானோ ஆசைப்படுறதும் ஒண்ணாகுமா?


மலைரோஜா | 2024 நவம்பர் 20

நான் வேற தீவு சொல்றேன். டொமினிக்கா. டொமினிக்கன் ரிபப்ளிக் இல்ல, அது வேற நாடு. என் லக்கேஜை ஏர்லைன்காரங்களே மாத்தி அங்க அனுப்பிட்டாங்க, அதனால அழுத்திச் சொல்றேன்.

2019ல தனியா போனேன். கிழக்குக் கரையில கலினாகோ டெரிடரி இருக்கு. கொலம்பஸ் வர்றதுக்கு முன்னாடியே அங்க இருந்த ஆதிக்குடி மக்களோட நிலம். 1903ல பிரிட்டிஷ் நிர்வாகி 3,700 ஏக்கர் ஒதுக்கினார். சுமார் மூவாயிரம் பேர் இருக்காங்க, தலைவரை அவங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்குறாங்க. 2023ல அந்த நாட்டு ஜனாதிபதியா வந்த சில்வானி பர்ட்டன் இந்த மக்கள்ல ஒருத்தர்தான். ஆதிக்குடியில இருந்து அந்தப் பதவிக்கு வந்த முதல் ஆள்.

ஒரு அம்மா வீட்டுல ஒன்பது நாள் தங்கினேன். அவங்க லாருமான்னு ஒரு நாணல்ல கூடை பின்னுவாங்க. நானும் உக்காந்தேன். மூணாவது நாள் என் கூடையைப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம பிரிச்சுட்டாங்க. அடுத்த நாளும். ஒன்பது நாள்ல ஒரு கோஸ்டர் அளவுக்குத்தான் தேறுச்சு, இன்னும் வச்சிருக்கேன்.

அழகு மட்டும் சொன்னா பொய்யாயிடும். 2017 செப்டம்பர் 18ல மரியா புயல், அஞ்சாம் வகை, தீவை அப்படியே உரிச்சுப் போட்டுட்டுப் போயிருச்சு. நான் போனப்பவும் சில கூரை மேல நீலத் தார்ப்பாய்தான். நிலம் எல்லாருக்கும் பொது, தனி ஆளால விற்க முடியாது. அதனாலதான் நிலம் அவங்க கையில மிஞ்சியிருக்கு. அதே காரணத்தால பேங்குல அடமானம் வச்சு வீட்டுக்கடன் வாங்கவும் முடியாது. அந்த அம்மா இதைச் சொன்னப்ப பெருமையா சொன்னாங்களா சலிப்பா சொன்னாங்களான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல.

கூரை போடுறப்ப ஊரே வந்துச்சு. அங்க பேசுற க்ரியோல்ல அதுக்கு "கூதமே"ன்னு பேரு, கை கொடுக்குறது. கூலி கிடையாது, சாப்பாடு உண்டு. நான் ஆணி எடுத்துக் குடுத்தேன். அவ்வளவுதான் என்னை நம்பி விட்டாங்க.

முல்லைக்கடல் அண்ணா, அங்க கடல் அட்லாண்டிக், முரட்டுக் கடல், மணல் கரையை எதிர்பார்க்காதீங்க. குளிக்கணும்னா ஆறுதான்.


கூவாபாலா | 2024 நவம்பர் 20

அதே வழக்கம் டொபாகோவுலயும் உண்டு மலைரோஜா. "லென் ஹேண்ட்"னு சொல்வாங்க. ட்ரினிடாட்ல அதுக்கு "கயாப்".


காரைக்கால்மேரி | 2024 நவம்பர் 23

நான் பாரிஸ்ல நர்ஸ். குவாதலூப்ல ஒரு வருஷம் வேலை பார்த்தேன். அது பிரான்ஸ் நாட்டோட ஒரு பகுதிதான், அதனால பிரெஞ்சு தெரியணும், முல்லைக்கடல் அண்ணனுக்கு ஒத்து வராது. ஆனாலும் இங்க சொல்லாம இருக்க முடியல.

1854 டிசம்பர் 24ஆம் தேதி ஓரெலின்னு ஒரு கப்பல் நம்ம பக்கத்து ஆளுங்களை அங்க கொண்டு போய் இறக்குச்சு. அதுக்கப்புறம் 1889 வரைக்கும் நாப்பதாயிரத்துக்கு மேல. பாண்டிச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள்ல இருந்து நெறைய. கரும்புத் தோட்டத்துக்கு. இன்னிக்கு அவங்கள்ல அனேகமா யாருக்கும் தமிழ் பேச வராது. ஆனா வார்டுல பேஷண்ட் பேர் கூப்பிடுறப்ப "ராமசாமி", "முத்துசாமி"ன்னு பிரெஞ்சு உச்சரிப்புல வரும், எனக்குக் கை நின்னுடும். ஒரு பெரியவர் என் ஊர் பேரைக் கேட்டுட்டு "காரிக்கால்?"னு திருப்பிச் சொன்னார். அவர் வீட்டுப் பழைய காகிதத்துல அந்தப் பேர் இருந்துச்சாம். நிஜ ஊருன்னு அவருக்குத் தெரியாதாம்.

அவங்க கோயில் விழாவுக்குக் கூட்டிட்டுப் போனார். மாரியம்மனை "மாலியெமென்"ங்கிறாங்க, மதுரை வீரனை "மல்தெவிலென்". தப்பு அடிக்குற மாதிரி ஒரு மேளம், மத்தளத்துக்கு அவங்க பேர் "மத்தலோன்". கிடா வெட்டு, வாழை இலைச் சோறு. பக்கத்துல ஆப்பிரிக்க வம்சாவளிக்காரங்களும் உக்காந்து சாப்பிட்டாங்க. கறிக்குப் பேரு "கொலொம்போ". அதைத் தீவு மொத்தமும் சமைக்குது, யாரும் அதை இந்தியச் சாப்பாடுன்னு சொல்றதில்ல, எங்க சாப்பாடுங்கிறாங்க.

நான் தமிழ்ல ஒரு மாரியம்மன் பாட்டு பாடினேன். எல்லாரும் அமைதியாயிட்டாங்க. அப்புறம் ஒரு அம்மா வந்து, உன் உச்சரிப்பு தப்பு, எங்க பாட்டி இப்படிப் பாட மாட்டாங்கன்னு திருத்தினாங்க!


வெட்டிவேர் | 2024 நவம்பர் 23

மேரி, இதைப் படிக்கத்தான் இந்த இழைக்கு வந்தேன் போலிருக்கிறது.


முல்லைக்கடல் | 2024 நவம்பர் 30

எல்லாருக்கும் நன்றி. மேரி பிள்ளையின்ரதை மனுசிக்கு வாசிச்சுக் காட்டினன், ரெண்டு தரம் வாசிக்கச் சொன்னவ. காஸ்டாராவில வீடு பதிஞ்சாச்சு. பெப்ரவரி 4இல் இருந்து 25 வரை. கடற்கரைக்கு மேல, மலைச்சரிவில, ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை வீட்டு மேல்மாடி.


நிழல்வழி | 2025 ஜனவரி 2

முல்லைக்கடல், செய்தி பாத்தீங்களா? டிசம்பர் 30ல ட்ரினிடாட்ல அவசரநிலை அறிவிச்சிருக்காங்க. 2024ல 600க்கு மேல கொலை. இப்பப் போறது சரியா?


கூவாபாலா | 2025 ஜனவரி 2

நிஜம்தான், மழுப்ப மாட்டேன். கேங் சண்டை, போர்ட் ஆஃப் ஸ்பெயின் சுத்துவட்டாரத்துல அதிகம். ஊரடங்கு போடல. காஸ்டாரா அதுல இருந்து ரொம்பத் தள்ளி. ஆனா அண்ணே, ராத்திரி யார்டுக்குப் போறதா இருந்தா உள்ளூர் ஆள் ஒருத்தரோட போங்க, நடந்து அலையாதீங்க. இல்லன்னா தலைநகரை விட்டுட்டு நேரா டொபாகோ விமானம் மாறுங்க. இருபத்தஞ்சு நிமிஷம்தான்.


முல்லைக்கடல் | 2025 மார்ச் 9

வந்து சேந்திட்டம். எழுத நேரமில்லாமல் இல்லை, என்னத்தை எழுதுறது எண்டுதான் இவ்வளவு நாளும். நீளமா இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

பாலா, முதல் நாளே உங்கட பாடத்தில பெயில். விடிய ஆறு மணிக்குக் கடற்கரைக்கு இறங்கினன். வள்ளம் வலையை ஏத்திக்கொண்டு நிக்குது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு. கரைவலை! சின்ன வயசில ஐயாவோட இழுத்த அதே வலை. ஃபோனை எடுத்து டக்கு டக்கெண்டு நாலு படம். கயிறு சுத்திக்கொண்டிருந்த கிழவர் நிமிர்ந்து பார்த்தார். "மோர்னிங்" எண்டார். அவ்வளவுதான், ஆனால் பிரம்பால அடிச்ச மாதிரி இருந்தது. நான் ஒண்டும் சொல்லாமல் வந்து நிண்டு ஆக்களைப் படமெடுத்திருக்கிறன். மன்னிப்புக் கேட்டுப் படத்தை அழிச்சன். "கீப் இட்" எண்டுபோட்டுத் தன்ர வேலையைப் பார்த்தார்.

அடுத்த நாள் ஃபோனை வீட்டில வைச்சிட்டுப் போனன். எல்லாருக்கும் குட் மோர்னிங். அதுக்கு அடுத்த நாளும். நாலாம் நாள் அதே கிழவர் கயிற்றைக் காட்டித் தலையாட்டினார்.

எங்கட ஊர் முறைதான். வலையின்ர ஒரு பக்கக் கயிறு கரையில, வள்ளம் குடாவைச் சுத்தி வலையை விட்டுக்கொண்டு போய் மற்றக் கயிற்றைத் தூரத்தில கரை சேர்க்கும். ரெண்டு பக்கமும் சனம் பிடிச்சுப் பின்பக்கமா நடந்து இழுக்க வேணும். கடைசி ஆள் கயிற்றைச் சுருட்டிப் போட்டிட்டு ஓடிவந்து முன்னுக்குப் பிடிப்பான். ஒரு மணித்தியாலத்துக்கு மேல போச்சு. எனக்கு முன்னால பள்ளிக்கூடச் சட்டையோட ஒரு பொடியன், பின்னால ஜேர்மன்காரி ஒருத்தி. பெலிக்கன் பறவையள் வலைக்குள்ள விழுந்து விழுந்து எழும்புது. மடி கரைக்கு வரேக்க உள்ள வெள்ளியாத் துள்ளினது "ஜாக்ஸ்", பாரைச் சாதி, சின்னன். இழுத்த எல்லாருக்கும் பங்கு. எனக்கும் ஒரு பையில போட்டுத் தந்தவை. காசு நீட்டினால் என்ன நடந்திருக்கும் எண்டு நினைக்கவே வெக்கமா இருக்கு, நல்ல காலம் கையில காசு இல்லை.

வெட்டிவேர் ஐயா, உங்கட கேள்வி மண்டைக்குள்ள இருந்தது. இது எங்களுக்குக் காட்டுற கூத்தோ எண்டு நானும் பார்த்தன். ரெண்டாம் கிழமை ஒருநாள் அதே பாடு பட்டு இழுத்தம், மடியில ஜெலி மீனும் குப்பையும் ஒரு கை மீனும். ஒருத்தரும் எங்களைப் பார்த்துச் சிரிக்கேல்லை, சமாதானம் சொல்லேல்லை. பெற்றோல் காசு போச்சு எண்டு வள்ளக்காரன் தூஷணத்தால பேசினான். கூத்தெண்டால் இப்பிடி நடக்காது.

ஆனால் உங்கட பக்கமும் ஒரு உண்மை இருக்கு. வீட்டுக்காரம்மான்ர பெறாமகன், 24 வயசு, என்னோட கதைச்சது முழுக்க கனடா விசா பற்றி. நான் அவன்ர கடலுக்கு ஆசைப்பட்டு வந்தன், அவன் என்ர பனிக்கு ஆசைப்படுறான். வெளிநாட்டுக்காரர் வீடு வாங்கி வாங்கி நிலம் விலை ஏறுது எண்டும் சொன்னான். 2007இல் இருந்து டொபாகோவில வெளிநாட்டவர் நிலம் வாங்க அரசாங்க உரிமம் வேணுமாம். அது நல்லதுதான், பிந்திப்போச்சு எண்டான்.

மனுசின்ர கதை வேற. கடற்கரைக்குப் பின்னால மண்ணால கட்டின போறணை ஒண்டு இருக்கு, "டேர்ட் அவன்" எண்டு சொல்லுவினம். வாரத்தில சில நாள் பொம்பிளையள் சேர்ந்து பாண் சுடுவினம். உள்ளுக்குள்ள விறகு எரிச்சு, தணலை வெளிய இழுத்துப்போட்டு, அந்தச் சூட்டில பாண். தேங்காய்ப் பாண், கறுவாப் பாண். இவ போய் வாங்கினவ, பிறகு அங்கயே இருந்திட்டா. மூண்டாம் தரம் மா பிசைய விட்டவை. அங்க வைச்சுத்தான் "சூசூ" கதை வந்தது. மாசாமாசம் எல்லாரும் காசு போட்டு ஒராள் மொத்தமா எடுக்கிறது, அப்பிடி எடுக்கிற தொகைக்குப் பேர் "ஹேண்ட்". இவ துள்ளி எழும்பி, இது எங்கட சீட்டெல்லோ எண்டிட்டா! அண்டைக்குப் பின்னேரம் வரை சீட்டுப் பிடிச்சுக்கொண்டு ஓடினவளின்ர கதையள். அங்கயும் அப்பிடி ஒருத்தி இருக்கிறாளாம்.

வீட்டுக்காரம்மாவை நாங்கள் "டீச்சர்" எண்டு கூப்பிட்டம், அவவுக்குச் சந்தோசம். மீனைத் தேசிக்காய் விட்டுக் கழுவி, சாடோன் பெனி எண்ட நீட்டு மல்லி இலை, வெங்காயத்தாள், தைம், உள்ளி, கொச்சிக்காய் எல்லாம் இடிச்சுப் பூசி ஊற வைப்பா. 1963இல் ஃப்ளோரா புயல் வரேக்க தனக்கு ஏழு வயசு எண்டா. தகப்பனுக்குக் கொக்கோத் தோட்டம் இருந்ததாம். ஒரே நாளில முழுக்கச் சரிஞ்சுபோக, தகப்பன் திரும்ப நடாமல் கடலுக்குப் போனவராம். மலைக்கு மேல இருக்கிற மெயின் ரிட்ஜ் காடு 1776இல் இருந்து சட்டத்தால காக்கப்படுற காடு, அதுவும் அந்தப் புயலில கவுண்டு பிறகு தானா முளைச்சதாம். "காட்டுக்கு அவசரமில்லை, அப்பாவுக்கு ஆறு பிள்ளையள்" எண்டா.

தண்ணி வெட்டு ரெண்டு நாள். தாங்கியில இருந்ததைக் கணக்குப் பார்த்துப் பாவிச்சம். ஷவர் இல்லை, வாளியும் கோப்பையும். எனக்கு அது பழக்கம். மேல் வீட்டில இருந்த இங்கிலாந்துச் சோடி ஹோட்டலுக்கு மாறிட்டினம்.

"சண்டே ஸ்கூல்" எண்டு பக்கூ எண்ட இடத்தில இருக்கு எண்டு கேள்விப்பட்டு, மனுசி நல்ல சாரி உடுத்துக்கொண்டு வெளிக்கிட்டா. வேதப் பள்ளிக்கூடம் எண்டு நினைச்சிட்டா. போய்ப் பார்த்தால் ஞாயிறு இரவு றோட்டை மறிச்சு ஸ்டீல் பாண்ட், பிறகு டிஜே, ரம். சாரியோட ஆடினவ. அதுக்கு மேல எழுதினால் வீட்டில சோறு கிடையாது.

இனிச் சொல்லப்போறதை எழுதுறதோ விடுறதோ எண்டு யோசிச்சன். மூண்டாம் கிழமை ஊரில ஒரு வயசாளி செத்துப்போனார். கயிறு சுத்தின கிழவரின்ர தமையன். டீச்சர் வந்து, இண்டைக்கு இரவு வேக் (செத்த வீட்டில சனம் கூடி இரவு முழிச்சிருக்கிறது), நீங்களும் வாங்கோ எண்டா. எங்களுக்கு அவரைத் தெரியாதே எண்டன். "அவரின்ர தம்பியோட கயிறு இழுத்தனீங்கள்தானே" எண்டா.

போனம். முத்தத்தில தறப்பாள் கட்டி, பிளாஸ்டிக் கதிரை. கோப்பி, கிரிக்ஸ் பிஸ்கட், சீஸ், ரம். ஒரு பக்கம் பொம்பிளையள் பாட்டு, தேவாலயப் பாட்டு, இழுத்து இழுத்து. மற்றப் பக்கம் ஆம்பிளையள் "ஓல் ஃபோர்ஸ்" எண்டு கடுதாசி அடிச்சு மேசையில குத்திச் சத்தம். செத்த வீட்டில இவ்வளவு சத்தமோ எண்டு ஒரு கணம் நினைச்சன், பிறகு எங்கட ஊரில செத்த வீட்டு இரவில 304 எண்ட கடுதாசி விளையாட்டு அடிக்கிறது ஞாபகம் வந்தது. கிழவர் என்னைக் கண்டு கதிரையைத் தள்ளித் தந்தார். ஒண்டும் கதைக்கேல்லை. விளையாட்டு விளங்கேல்லை, பார்த்துக்கொண்டிருந்தன். ஐயா செத்தது 2009இல். நான் போகேல்லை, போக ஏலாது. அண்டைக்கு விடிய ரெண்டு மணி வரை அந்தக் கதிரையில இருந்தன். மனுசி வந்து கூப்பிட்டும் எழும்பேல்லை.

படம் ஒண்டும் இல்லை. கேக்க வேண்டாம்.


மலைரோஜா | 2025 மார்ச் 9

அண்ணா.


வெட்டிவேர் | 2025 மார்ச் 10

முல்லைக்கடல், நவம்பரில் நான் எழுதியதில் "மனிதர்களை வாங்கப் பார்க்கிறோம்" என்ற வரியைத் திரும்பப் பெறுகிறேன். மற்றதை இன்னும் விடவில்லை. எல்லோரும் உங்களைப் போல வலை இழுத்து வளர்ந்தவர்கள் இல்லை. இந்த இழையைப் படித்துவிட்டு நாற்பது பேர் அந்தக் குடாவில் போய் நின்றால் கயிற்றில் இடம் இருக்குமா?


முல்லைக்கடல் | 2025 மார்ச் 10

இருக்காது. அதனாலதான் வீட்டு விலாசம் போடேல்லை. டொபாகோவில வேற குடாக்களும் இருக்கு. பார்லட்டுவியர், சார்லட்வில் எண்டு.


நிழல்வழி | 2025 மார்ச் 11

செலவு எவ்வளவு ஆச்சுண்ணே? அப்புறம் நான் சைவம். அங்க தாக்குப் பிடிக்க முடியுமா?


முல்லைக்கடல் | 2025 மார்ச் 11

ஒரு அமெரிக்க டொலருக்கு கிட்டத்தட்ட 6.8 ட்ரினிடாட் டொலர். கடைச் சாமான் மலிவில்லை, கனக்க இறக்குமதி. சனிக்கிழமை ஸ்கார்பரோச் சந்தைக்கு பஸ்ஸில போய்க் கிழங்கும் மரக்கறியும் வாங்கி நாங்களே சமைச்சதால சமாளிச்சம். ரிசார்ட்டில ஒரு கிழமைக்குக் கட்டினதை விட மூண்டு கிழமைக்கும் சேர்த்துக் கொஞ்சம்தான் கூட, விமானம் தவிர.


கூவாபாலா | 2025 மார்ச் 11

சைவத்துக்கு ட்ரினிடாட்ல பிரச்சினையே இல்ல. டபுள்ஸ், ஆலூ பை, ரொட்டியில பூசணி, கொண்டைக்கடலை. ரோட்டுக்கடைக்காரங்களே "வெஜ்"னா புரிஞ்சுப்பாங்க. டொபாகோவுல கொஞ்சம் கஷ்டம். கலாலூன்னு சேப்பங்கிழங்கு இலையத் தேங்காய்ப்பால்ல கடைஞ்சு தருவாங்க, கீரைன்னு நம்பிச் சாப்பிடாதீங்க. உள்ள நண்டு இருக்கும், இல்ல உப்புக்கறி இருக்கும். கேட்டுட்டு வாங்குங்க. கேக்குறதுக்கு முன்னாடி என்ன சொல்லணும்?


நிழல்வழி | 2025 மார்ச் 11

குட் மார்னிங் 😀


காரைக்கால்மேரி | 2025 மார்ச் 15

முல்லைக்கடல் அண்ணா, வேக் பத்தி எழுதினதைப் படிச்சேன். குவாதலூப்லயும் இருக்கு, "வெய்யே"ன்னு சொல்வாங்க, ராத்திரி முழுக்கக் கதை சொல்லி, மேளம் அடிச்சு. நான் டியூட்டின்னு சொல்லி ஒண்ணுக்குக் கூடப் போகல. அண்ணிக்கு என் வணக்கம் சொல்லுங்க. பாண் செய்முறை இருந்தா போடுங்க.


முல்லைக்கடல் | 2025 மார்ச் 16

சொல்லிட்டன் மேரி. அளவு கேட்டால் இவவுக்குத் தெரியாது, அங்க ஒருத்தரும் அளக்கேல்லையாம், கையாலதானாம். இங்க எங்கட ஓவனில ரெண்டு தரம் முயற்சி செய்தவ. ஒருக்கா கல்லு, மற்றது சாப்பிடலாம்.


கடலோடி77 | 2025 ஏப்ரல் 2

இப்பதான் முழுசா படிச்சேன். ஜூன்ல போறோம், பார்லட்டுவியர் பக்கம். அந்தக் கயிறு இழுக்க கையுறை எடுத்துட்டுப் போகணுமா?


முல்லைக்கடல் | 2025 ஏப்ரல் 2

வேண்டாம் தம்பி, ஈரக் கயிற்றில வழுக்கும். கூப்பிட்டால் மட்டும் பிடியுங்கோ. கலியாண மோதிரத்தைக் கழட்டி வைச்சிட்டுப் போங்கோ. என்ரது விரலோட வீங்கி, டீச்சர் சவுக்காரம் போட்டுத்தான் எடுத்துவிட்டவ.